நிழற்படத்தில் நோய் – 11: அரிப்பை எண்ணியவர்கள்

சென்ற பகுதியில் நெஞ்சுப் படங்களின் வழியே காசநோயைத் தொடர்ந்தோம். இந்த வாரம் நுரையீரலை விட்டு விரல்களுக்கு வருவோம்.

உலகம் வியந்து பார்த்த முதல் எக்ஸ்ரே, ஒரு கையின் படம். 1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைத் தகட்டின் மேல் வைக்கச் செய்து எடுத்தது. அன்றைய குழாய்களின் கதிர் வலுவற்றது. படம் தெளிவாக விழ வேண்டுமானால் உறுப்பு நிமிடக் கணக்கில் ஆடாமல் இருக்க வேண்டும். கை அதற்குத் தோதான உறுப்பு.

முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பெரும்பாலும் முதலில் குடியேறுவதும் இதே கையில்தான். விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரலின் நடு மூட்டுகள், மணிக்கட்டு என்று இரண்டு கைகளையும் ஒருசேரப் பிடிக்கும். விரல் நுனியை ஒட்டிய மூட்டை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். இயற்பியலாளருக்கு வசதியாக இருந்த உறுப்பு, மூட்டுநோய் மருத்துவருக்கும் வசதியாக அமைந்துவிட்டது.

படம் எடுப்பது எளிதாக இருந்தது. எடுத்த படத்தில் என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று மருத்துவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொள்வதற்குத்தான் முக்கால் நூற்றாண்டு ஆனது. கருவி செய்தவர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்து எண்ணியவர்களின் பெயர் மருத்துவ இதழ்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இந்தப் பகுதி அவர்களைப் பற்றியது.

ஒரே வலி, இரண்டு நோய்

1800-ல் பாரிஸ் நகரின் சால்பெட்ரியே மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த லான்ட்ரே-போவே என்ற இளைஞர், தன் பட்ட ஆய்வேட்டில் ஒன்பது பெண்களின் மூட்டுநோயை விவரித்தார். பணக்கார ஆண்களின் நோயாகக் கருதப்பட்ட கவுட்டில் இருந்து அது வேறுபட்டது என்று அவர் உணர்ந்தார்; ஆனாலும் அதைக் கவுட்டின் ஒரு வகையாகவே பதிந்தார். 1859-ல் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் பேரிங் காராட் இந்த நோய்க்கு இன்று வழங்கும் பெயரை வைத்தார். கவுட் நோயாளியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை முன்பே நிறுவியிருந்தவர் அவர். அமிலம் மிகாத மூட்டுநோய் வேறு நோய் என்று சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் இருந்தது.

ஆனால் காராட் பிரித்து வைத்த அந்த வேறு நோய்க்குள்ளேயும் இரண்டு நோய்கள் கலந்து கிடந்தன. ஒன்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவதால் வரும் அழற்சி. மற்றொன்று, வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம். இரண்டிலும் வலி உண்டு, விறைப்பு உண்டு, விரல் கோணலும் உண்டு. வெளியில் இருந்து தொட்டுப் பார்த்துப் பிரிப்பது கடினம்.

இந்த முடிச்சை அவிழ்க்க எக்ஸ்ரே உதவியது. 1904-ல் பாஸ்டன் நகரின் எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்வெய்ட் மூட்டுப் படங்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையில் எலும்பு வெளிறி மெலிந்து, ஓரம் தின்னப்பட்டிருந்தது. இன்னொரு வகையில் எலும்பு தடித்து, ஓரத்தில் முள்ளாகப் புடைத்திருந்தது. மெலிவது ஒன்று, வளர்வது ஒன்று. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நகரில் நிக்கல்ஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் மூட்டுத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டும் வெவ்வேறு போக்கு உடையவை என்பதை உறுதி செய்தார்கள்.

எக்ஸ்ரேயில் அப்படி என்ன தெரிந்தது? மூட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியால் வீங்கித் தடிக்கிறது. அந்தத் தடித்த திசு குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பு முனையில் குருத்தெலும்பு மூடாத ஒரு சிறு விளிம்பு உண்டு. சவ்வு அங்கே எலும்பை நேரடியாகத் தொடுகிறது. தின்பது அங்கேதான் தொடங்கும். படத்தில் அந்த இடம் உப்பரித்த சுவரின் ஓரம் போலப் பொரிந்து தெரியும். இதற்கு எலும்பு அரிப்பு என்று பெயர். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அது கரைந்தால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறுகும். அதை வைத்துக் கரைந்ததைக் கணிக்கலாம். அரிப்பு, இடைவெளிக் குறுகல். அடுத்த நூறு ஆண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

காட்டிய கதிரே மருந்தான கதை

விரலை விட்டுச் சற்று முதுகுக்குப் போய்வர வேண்டும். இளைஞர்களின் முதுகெலும்பை இறுக்கி வளைக்கும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயை ரஷ்யாவின் பெக்டெரெவ், ஜெர்மனியின் ஸ்ட்ரூம்பெல், பிரான்சின் பியர் மரி ஆகிய மூவரும் 1890-களில் விவரித்தார்கள். முற்றிய நிலையில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதை எக்ஸ்ரே காட்டியது. மருத்துவர்கள் அதை ‘மூங்கில் முதுகு’ என்றார்கள்.

நோயைக் காட்டிய கதிரே நோய்க்கு மருந்தாகவும் ஆனது. முதுகில் கதிர் பாய்ச்சினால் வலியும் விறைப்பும் தணிந்தன. வேறு நல்ல மருந்து இல்லாத காலம் அது. பிரிட்டனில் 1935-க்கும் 1954-க்கும் இடையில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளைக் கோர்ட் பிரவுனும் ரிச்சர்ட் டாலும் திரட்டினார்கள். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் ஒருவரான அதே டால்தான். அவர்களின் 1957 அறிக்கை, கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களிடம் ரத்தப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது என்றும், கதிரின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது என்றும் காட்டியது. அந்தச் சிகிச்சை மெல்ல வழக்கொழிந்தது. கதிரின் ஆபத்தை மனிதரில் அளந்த முதன்மையான ஆய்வுகளில் ஒன்று, இப்படி ஒரு மூட்டுநோயில் இருந்து கிடைத்தது.

ஓர் அச்சம் வேண்டாம். சிகிச்சைக்குப் பாய்ச்சிய அளவு வேறு, படமெடுக்கும் அளவு வேறு. கையை ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கையில் உடலில் விழும் கதிர் மிகமிகச் சொற்பம்.

சுரங்கத் தொழிலாளர்களும் ஒத்துப்போகாத கண்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு நடைமுறைக் கேள்வி எழுந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் முதுகுவலியும் மூட்டுவலியும் வேலைநாட்களைத் தின்றன. எத்தனை பேருக்கு உண்மையில் என்ன நோய்? மான்செஸ்டரில் யோனாஸ் கெல்கிரெனும் ஜான் லாரன்ஸும் இதை விசாரிக்கப் புறப்பட்டார்கள். கெல்கிரென் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பின்னர் பிரிட்டனின் முதல் மூட்டுநோயியல் பேராசிரியர். லங்காஷயர் மாவட்டத்தின் லீ நகரில் இருவரும் நோயாளிகளுக்காக மருத்துவமனையில் காத்திருக்கவில்லை. ஊர் மக்களிடையே போய்ப் படமெடுத்தார்கள்.

படங்கள் குவிந்தபோது சிக்கல் தெரிந்தது. ஒரே படத்தை இருவர் பார்த்தால் இரு முடிவு வந்தது. ஒருவரே சில காலம் கழித்து மறுபடி பார்த்தால் அவர் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் மாறியது. மருத்துவர் தனி நோயாளியைப் பார்க்கும்போது இது வெளியே தெரியாது. ஆயிரம் படங்களை எண்ணி ஓர் ஊரின் நோயளவைச் சொல்ல வேண்டியவருக்கு இது அடித்தளத்தையே ஆட்டும் செய்தி.

இருவரும் இந்தக் குறையை மறைக்கவில்லை, அதையே ஆராய்ந்தார்கள். 1957-ல் வந்த அவர்களின் இரு கட்டுரைகள், ஒன்று தேய்மானத்தைப் பற்றியும் மற்றொன்று முடக்குவாதத்தைப் பற்றியும், படத்தைத் தரம்பிரிக்கும் முறையோடு படிப்பவர்களின் முரண்பாட்டையும் அளந்து வெளியிட்டன. தீர்வு எளிமையானது: சொல்லால் விளக்காதே, மாதிரிப் படத்தைக் காட்டு. முதல் தரம் இப்படி இருக்கும், இரண்டாம் தரம் இப்படி இருக்கும் என்று மாதிரிகளை வரிசையாக வைத்து, கையில் உள்ள படத்தை அவற்றோடு ஒப்பிடச் செய்தார்கள். 1963-ல் அந்த மாதிரிகள் ஒரு படத்தொகுப்பாகவே அச்சாயின. முழங்கால் தேய்மானத்துக்கு இன்றும் நம் ஊர் ஸ்கேன் சென்டர் அறிக்கைகளில் ‘கெல்கிரென்-லாரன்ஸ் கிரேடு 3’ என்று எழுதி வருவது அந்த வழியில் வந்ததுதான்.

முடக்குவாதத்துக்கு இன்னொரு அளவுகோலும் ஏற்கெனவே இருந்தது. 1949-ல் அமெரிக்காவின் ஓட்டோ ஸ்டைன்பிராக்கரும் அவர் தோழர்களும் நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருந்தார்கள். அரிப்பே இல்லாதது முதல் நிலை. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூட்டே இல்லாமல் போனது நான்காம் நிலை. நோயாளி எங்கே நிற்கிறார் என்று சொல்ல இது போதும். ஆனால் ஒருவர் இரண்டாம் நிலையில் இருந்து மூன்றாம் நிலைக்குப் போகப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒரு மருந்து ஒரே ஆண்டில் நோயைத் தடுத்ததா என்று கேட்டால் இந்த அளவுகோல் வாய் திறக்காது.

மருந்து கேட்ட கேள்வி

அந்தக் கேள்வியை மருந்துகள் கேட்கத் தொடங்கிவிட்டன. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாதிருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் என்று அறியப்பட்ட பொருளை ஊசியில் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் வரலாற்றில் இத்தனை விரைவில் அங்கீகாரம் பெற்ற மருத்துவக் கண்டுபிடிப்புகள் குறைவு.

வலி போனது சரி. எலும்பு அரிப்பு நின்றதா? நடக்கிற நோயாளியைப் பார்த்துப் பரவசப்பட்ட காலத்தில் இது எரிச்சலூட்டும் கேள்வி. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, ஒரு சாராருக்குக் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனும் இன்னொரு சாராருக்கு ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளும் கொடுத்துப் படங்களை ஒப்பிட்டது. 1959-லும் 1960-லும் வந்த அறிக்கைகள் பிரெட்னிசோலோன் பெற்றவர்களிடம் அரிப்பு குறைவாகவே வளர்ந்தது என்றன. ஆனால் ஸ்டீராய்டின் பக்க விளைவுகளும் அதற்குள் வெளிப்பட்டுவிட்டதால் அந்த முடிவு நெடுங்காலம் சர்ச்சையிலேயே கிடந்தது. 1995-ல் பிரிஸ்டலின் ஜான் கிர்வான் 128 பேரிடம் தினம் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனைச் சோதித்து, இரண்டு ஆண்டுகளில் அரிப்பு குறைந்ததைக் காட்டிய பிறகே விவாதம் மீண்டும் உயிர்பெற்றது.

இடைப்பட்ட காலத்தில் எண்ணும் முறை வளர்ந்திருந்தது. 1971-ல் அமெரிக்காவின் ஜான் ஷார்ப், கையின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகப் பார்த்து அரிப்புக்கு ஒரு மதிப்பெண், இடைவெளிக் குறுகலுக்கு ஒரு மதிப்பெண் என்று கொடுத்துக் கூட்டும் முறையை முன்வைத்தார். 1977-ல் ஆர்வி லார்சன் கெல்கிரென் வழியில் மாதிரிப் படங்களை வைத்துப் பூஜ்யம் முதல் ஐந்து வரை தரமிட்டார். எல்லா மூட்டையும் எண்ணினால் வேலை மாளாது. சில மூட்டுகளை விட்டால் உண்மை நழுவும். ஷார்ப் குழு 1985-ல் இதற்கு ஒரு சமரசம் கண்டது. ஒரு கையில் அரிப்புக்கு 17 இடங்கள், குறுகலுக்கு 18 இடங்கள் போதும் என்றது.

1989-ல் நெதர்லாந்தின் தெசிரே வான் டெர் ஹைடே இதில் ஒரு பெரிய குறையைக் கண்டார். முடக்குவாதம் பலருக்குக் கையைவிட முன்பே பாதத்தை அரிக்கிறது. குறிப்பாகச் சுண்டுவிரலின் அடிமூட்டை. கையை மட்டும் பார்த்தால் தொடக்கமே கண்ணில் படாது. அவர் பாதங்களையும் கணக்கில் சேர்த்தார். கைகளின் அரிப்புக்கு 160, பாதங்களின் அரிப்புக்கு 120, குறுகலுக்கு 168. ஆக மொத்தம் 448. பூஜ்யம் என்றால் கெடாத மூட்டுகள். 448 என்றால் எல்லாம் போயிற்று.

படிக்கும் முறைக்கும் சட்டம் வந்தது. படிப்பவருக்கு நோயாளி யார், எந்த மருந்து பெற்றவர் என்று தெரியக் கூடாது. இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். படங்களைக் கால வரிசையில் கொடுப்பதா, குலைத்துக் கொடுப்பதா என்பதற்கே தனி ஆய்வுகள் நடந்தன. வரிசை தெரிந்தால் சிறு மாற்றமும் கண்ணில் படும். ஆனால் நோய் எப்படியும் முற்றும் என்ற எண்ணம் மதிப்பெண்ணைக் கூட்டவும் செய்யும்.

அந்த எண்ணிக்கையின் உச்சம் 2000-ல் வந்தது. லண்டனின் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தால் நோய் அடங்கும் என்று 1990-களின் தொடக்கத்தில் காட்டியிருந்தார்கள். அந்த வழியில் வந்த இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை 428 பேரிடம் சோதித்த ‘அட்ராக்ட்’ ஆய்வின் ஓராண்டு முடிவுகள் அந்த ஆண்டு வெளியாயின. எல்லோரும் முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்கள். அதை மட்டும் பெற்றவர்களின் மதிப்பெண் 54 வாரங்களில் சராசரியாக 7.0 ஏறியது. புதிய மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 0.6 மட்டுமே ஏறியது. வலி பெரிதாகக் குறையாதவர்களிடமும் அரிப்பு தணிந்திருந்தது. வலியும் அழிவும் எப்போதும் கைகோர்த்து நடப்பதில்லை என்பதை நோயாளியின் வாய்மொழி சொல்லியிருக்காது. படத்தின் எண்தான் சொன்னது.

பின்னோக்கி நகர்ந்த தொடக்கம்

எக்ஸ்ரேயின் வரம்பும் இதே வெற்றியில் வெளிப்பட்டது. அது அழற்சியைக் காட்டாது. அழற்சி விட்டுச்சென்ற சேதத்தைக் காட்டும். அரிப்பு படத்தில் தெரியும்போது போனது போனதுதான். அழிவைத் தடுக்கும் மருந்து கைக்கு வந்த பிறகு, அழிவு நடக்கும் முன்பே பார்க்கும் கருவி வேண்டும் என்று மருத்துவர்கள் தேடினார்கள்.

கருவி அருகிலேயே இருந்தது. கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டை 1972-ல் மெக்டொனால்டும் லியோபோல்டும் ஒரு முழங்கால் சிக்கலுக்குப் பயன்படுத்தினார்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கினால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். முழங்காலின் பின்புறம் நீர்கோத்த பேக்கர் கட்டியாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மற்றொன்றுக்கு அது தேவையே இல்லை. ஒலியலை இரண்டையும் பிரித்துக் காட்டியது. 1978-ல் கூப்பர்பெர்க் குழுவினர் முடக்குவாதத்தில் தடித்த முழங்கால் சவ்வைப் பார்த்து, சிகிச்சைக்குப் பிறகு அது மெலிவதையும் தொடர்ந்தார்கள். அன்றைய கருவிகளுக்கு முழங்கால் எட்டியது, விரல் மூட்டு எட்டவில்லை. அலைவரிசை உயர்ந்த கருவிகள் வந்த பிறகே விரல்கள் தெளிந்தன. 1990-களில் பவர் டாப்ளர் சேர்ந்தது. அழன்ற சவ்வில் புதிதாக முளைத்த நுண்குழாய்களின் ரத்த ஓட்டம் திரையில் நிறமாக மின்னியது. எக்ஸ்ரே நடந்து முடிந்ததைச் சொன்னது. டாப்ளர் இப்போது நடப்பதைச் சொன்னது.

2000-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்து ரிச்சர்ட் வேக்ஃபீல்ட் குழு வெளியிட்ட ஒப்பீடு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. முடக்குவாதம் உள்ள 100 பேரின் விரல் மூட்டுகளை எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் பார்த்தார்கள். எக்ஸ்ரே 17 பேரிடம் 32 அரிப்புகளைக் கண்டது. அல்ட்ராசவுண்ட் 56 பேரிடம் 127 அரிப்புகளைக் கண்டது. நோய் தொடங்கிச் சில காலமே ஆனவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி பின்னே போனது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஃபியோனா மக்குவீன் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தொடங்கிச் சுமார் நான்கு மாதங்களே ஆன 42 பேரின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. 45 சதவீதம் பேரிடம் அரிப்பைக் காட்டியது. எக்ஸ்ரே 15 சதவீதம் பேரிடம் மட்டுமே. அதைவிட முக்கியமானது எலும்பின் உள்ளே தெரிந்த நீர்க்கோர்ப்பு. வேறு எந்தக் கருவியும் இப்படிக் காட்டாத ஒன்று அது. இன்று நீர்கோத்த இடத்தில் நாளை அரிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று தொடர் ஆய்வுகள் கண்டன. அறுவை சிகிச்சையில் எடுத்த எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது, படத்தில் நீராகத் தெரிந்த இடத்தில் மஜ்ஜையின் கொழுப்பைத் தள்ளிவிட்டு அழற்சிச் செல்கள் கூட்டமாகக் குடியிருந்தன.

முதுகிலும் இதே நகர்வு. 1984-ல் திருத்தப்பட்ட நியூயார்க் வரையறைப்படி, இடுப்பெலும்பும் முதுகின் அடியும் சேரும் மூட்டில் எக்ஸ்ரே மாற்றம் தெரிந்தால்தான் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உறுதியாகும். அந்த மாற்றம் வர ஆண்டுகள் பல பிடிக்கும். அதுவரை இளைஞர் வலியோடு அலைவார். படம் நார்மல் என்பார்கள். 2009-ல் சர்வதேச நிபுணர் குழு எம்.ஆர்.ஐ.யில் தெரியும் அழற்சியையும் சான்றாக ஏற்றுக்கொண்டது.

பழைய சிக்கல் மட்டும் புதிய கருவிகளோடு கூடவே வந்தது. அல்ட்ராசவுண்டில் கருவியைப் பிடிக்கும் கை மாறினால் படம் மாறும். எம்.ஆர்.ஐ.யில் எது நீர்க்கோர்ப்பு, எது இயல்பு? கெல்கிரெனும் லாரன்ஸும் சந்தித்த அதே கேள்வி. 1992-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் முதல்முறை கூடிய, மூட்டுநோய் அளவீடுகளுக்கான ‘ஓமெராக்ட்’ குழுவினர் இதற்கும் விதி வகுத்தார்கள். டென்மார்க்கின் மிக்கேல் ஓஸ்டர்கார்ட் உள்ளிட்டோர் சவ்வு அழற்சிக்கு 0 முதல் 3, எலும்பு நீர்க்கோர்ப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 10 என்று எம்.ஆர்.ஐ. மதிப்பெண் முறையை அமைத்தார்கள். 2005-ல் அதற்கும் மாதிரிப் படத்தொகுப்பு வந்தது. அதே ஆண்டு அல்ட்ராசவுண்டில் எதை அரிப்பு என்பது, எதைச் சவ்வு அழற்சி என்பது என்ற வரையறைகளும் வெளியாயின. மான்செஸ்டரின் பழைய வழிதான்.

கூர்மைக்கும் ஓர் எல்லை

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால், தெரிவதற்கெல்லாம் மருந்து கொடுத்து நோயை முற்றாக அடக்கிவிடலாமே? பத்தாண்டுகளுக்கு முன்பு மூட்டுநோய் மாநாடுகளில் இந்த நம்பிக்கை பலமாக இருந்தது. நோயாளிக்கு வலியில்லை, வீக்கமில்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனால் டாப்ளரில் நிறம் மின்னுகிறது. மருந்தைக் கூட்டுவதா?

நார்வே இதைச் சோதித்தது. 2016-ல் வெளியான ‘ஆர்க்டிக்’ ஆய்வில் புதிதாக நோய் கண்ட 230-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருத்துவரின் பரிசோதனையோடு அல்ட்ராசவுண்டும் பார்த்து மருந்து முடிவானது. மற்றதற்குப் பரிசோதனை மட்டும். நோய் நிலையாக அடங்கி, வீக்கமும் இல்லாமல், எக்ஸ்ரேயில் சேதமும் கூடாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 22 சதவீதம், இரண்டாவதில் 19 சதவீதம். புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. அல்ட்ராசவுண்ட் குழுவில் விலை உயர்ந்த மருந்துகள்தான் கூடுதலாகச் செலவாயின. டென்மார்க்கின் ‘இமேஜின்-ஆர்.ஏ.’ ஆய்வு, நோய் அடங்கியிருந்த 200 பேரிடம் எம்.ஆர்.ஐ. நீர்க்கோர்ப்பையும் துடைத்தெடுக்க முயன்றது. 2019-ல் வந்த முடிவிலும் பெரிய பயன் இல்லை.

நோய் வெளிப்படும் முன்பே பிடிக்கலாமா என்று நெதர்லாந்தின் லைடன் நகரில் கேட்டார்கள். மூட்டுவலி மட்டும் இருந்து, வீக்கம் இல்லாமல், எம்.ஆர்.ஐ.யில் மட்டும் அழற்சி தெரிந்த 236 பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். 2022-ல் வந்த முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் நிலையான மூட்டழற்சி வந்தவர்கள் மருந்துக் குழுவில் 19 சதவீதம், மருந்தில்லாக் குழுவில் 18 சதவீதம். நோயைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மருந்து பெற்றவர்களின் வலியும் காலை விறைப்பும் குறைந்தன. மருந்தை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் நின்றது.

இந்த முடிவுகளைத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. மருத்துவர் மாதந்தோறும் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, இலக்கு வைத்து மருந்தைக் கூட்டிக் குறைத்தாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது என்பது அவற்றின் பொருள். ஐயம் இருக்கும் இடத்தில் ஸ்கேன் தேவை: வீக்கமா கொழுப்பா என்று கைக்குப் புலப்படாதபோது, ஊசியைச் சரியான இடத்தில் செலுத்த வேண்டியபோது, முதுகுவலியின் காரணம் பிடிபடாதபோது. ஐயமே இல்லாத இடத்தில் ஸ்கேன் எடுத்து மருந்தைக் கூட்டுவது நோயாளிக்குச் செலவு மட்டுமே.

நோய்க்கான வரையறையும் இதே திசையில் மாறியிருக்கிறது. 1987-ல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் வகுத்த ஏழு அடையாளங்களில் எக்ஸ்ரே மாற்றமும் ஒன்று. 2010-ல் ஐரோப்பியர்களோடு சேர்ந்து அவர்கள் திருத்தி எழுதிய மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை. எத்தனை மூட்டு, ரத்தத்தில் என்ன, எத்தனை வாரம் என்றுதான் கேட்கிறார்கள். அரிப்பு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்று அந்த எண்ணிக்கைகளே கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணிக்கு மேல் மடங்க மறுத்து, முட்டிகள் வாரக்கணக்கில் வீங்கியிருந்தால், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். மூட்டுநோய் மருத்துவரை உடனே பாருங்கள். படம் மாறும் முன்பே மருந்து தொடங்க வேண்டிய நோய் இது.

அடுத்த வாரம்: இரண்டு வகைக் கதிரால் ஒரே நேரத்தில் படமெடுத்து, யூரிக் அமிலப் படிகத்துக்குப் பச்சை நிறம் கொடுக்கும் சி.டி. ஸ்கேனும் கவுட் நோயும்.

(தொடரும்)